பழைய ஆட்டோமேட்டிக் காரில் பிக்கப் போய்விட்டதா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி முன்போல் இழுப்பதில்லை. சமயத்தில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. பல வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் காரில் இந்தப் புகார் வந்தாலே, "கியர்பாக்ஸ் போச்சு" என்று சுற்றியிருப்பவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஆனால் அடைத்துக்கொண்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்), அழுக்கேறிய ஏர் சென்சார், விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக், தொய்ந்துபோன கேபிள் என எது கெட்டாலும் வண்டி இதே மாதிரிதான் மந்தமாகும். கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் பிறகு பேச்சே வேறு. "இறக்கினது இறக்கியாச்சு, எல்லாத்தையும் மாத்திடலாம்" என்பார்கள். அதனால் இறக்குவதற்கு முன்பே நோய் எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

இங்கே சொல்வது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு. சிவிடி (கியர் படிகளே இல்லாதது), ஏஎம்டி (மேனுவல் கியரைக் கம்ப்யூட்டர் மாற்றுவது) வண்டிகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

படி 1: ஆர்பிஎம் முள் என்ன சொல்கிறது?

எல்லாம் இங்கிருந்துதான் பிரிகிறது. கேள்வி ஒன்றே ஒன்று: இன்ஜின் சக்தி கொடுக்கவில்லையா, கொடுத்த சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லையா?

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, நெரிசல் இல்லாத நேரான சாலைக்குப் போங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது மிதியை முக்கால்வாசி அழுத்துங்கள். ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியாக இருந்தால், ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் இணைப்பில்) செருகும் சின்ன ஸ்கேனர் போனிலேயே முள்ளைக் காட்டிவிடும்.

முள் சட்டென்று எகிறி, வேகம் பின்தொடராவிட்டால் உள்ளே ஏதோ ஸ்லிப் ஆகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. மிதியை ஆழமாக அழுத்தும்போது கியர் ஒரு படி இறங்குவதும் முள்ளை எகிறவைக்கும். அது நல்ல வண்டியின் குணம். அப்போது முதுகு சீட்டில் அழுந்தும், வேகம் உடனே ஏறும். ஸ்லிப் என்றால் சத்தம் மட்டும்தான் வரும், உந்துதல் வராது.

முள்ளும் மெதுவாக ஏறி, வேகமும் அதே மெதுவில் ஏறினால் கியர்பாக்ஸ் தன் வேலையைச் செய்கிறது. இன்ஜினையோ பிரேக்கையோ பாருங்கள்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. சிக்னலில் கிளம்பும்போது மூன்றாவது கியரில் கிளம்புவது போல் முக்கி முனகி நகரும்; எவ்வளவு ஓட்டினாலும் கியர் மாறாது. இது லிம்ப் மோடு. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு சிக்னல் தப்பாக வந்ததைக் கண்டு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே கியரில் நிறுத்திவிடும். வண்டியை அணைத்துப் போட்டால் சிறிது நேரம் சரியாகி, மறுபடி அதே நிலைக்குத் திரும்புவது இதன் அடையாளம். கேட்கப் பயமாக இருந்தாலும், ஒரு சென்சாரோ வயரோ சரியானதும் பழையபடி ஓடும் வண்டிகள் இந்த வகையில் நிறைய.

நான்காவது வகையைப் பலர் கவனிப்பதில்லை: கிளம்பும்போது மட்டும் மந்தம், 50 கி.மீ. தாண்டினால் சரி. டார்க் கன்வெர்ட்டருக்குள் எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகள் போல இரண்டு துடுப்புச் சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று தள்ளும் ஆயில் மற்றொன்றைச் சுழற்றும். நடுவில் ஸ்டேட்டர் என்று ஒரு பாகம், திரும்பி வரும் ஆயிலைத் திருப்பிவிட்டு, கிளம்பும் நேரத்தில் விசையைப் பெருக்கிக் கொடுக்கும். ஸ்டேட்டரை ஒரு திசையில் மட்டும் சுழலவிடும் ஒன்வே கிளட்ச் வழுக்கிப்போனால் அந்தப் பெருக்கம் கிடைக்காது. அதே கிளட்ச் இறுகிவிட்டால் நேர் எதிர்: கிளம்புவது ஜோர், உச்ச வேகம் வராது, ஆயில் அநியாயத்துக்குச் சூடாகும். இரண்டிலுமே கன்வெர்ட்டரைத்தான் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் முழுதையும் பிரிக்கத் தேவையில்லை.

படி 2: ஆயில்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது, கியர்களைப் பிடிக்கும் கிளட்சுத் தகடுகளை அழுத்திப் பிடிக்கிறது, சூட்டையும் எடுத்துப்போகிறது. அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்சுகள் வழுக்கும். வளைவில் திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் ஸ்லிப் ஆனால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலான வண்டிகளில் 15, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே கியர் லீவரை ஒவ்வொரு நிலைக்கும் கொண்டுபோய் மறுபடி பார்க்கில் விட்டு, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஹோண்டாவின் பல பழைய மாடல்களில் சூடாக்கிவிட்டு இன்ஜினை அணைத்த ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்கச் சொல்வார்கள். சில வண்டிகளில் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் அடியிலுள்ள லெவல் பிளக்கைத் திறந்து, ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது பார்க்க வேண்டியிருக்கும். வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்த லிஃப்ட் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். உங்கள் வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

டிப்ஸ்டிக்கை ஒருமுறை துடைத்துவிட்டு, மறுபடி செருகி எடுத்துப் பாருங்கள். ஒரு வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். பெரும்பாலான ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) புதிதில் சிவப்பாகத் தெளிவாக இருக்கும். பழுப்பாகியிருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அதை வைத்து மரணச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன. கலங்கி வெளிர் இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கலந்துவிட்டது. அப்படியானால் வண்டியை ஒரு கி.மீ. கூட ஓட்டாதீர்கள்; கிளட்ச் தகட்டை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் கழற்றிவிடும். நுரை தெரிந்தால் பெரும்பாலும் யாரோ அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் எரிந்து குறையாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது (ஒரு விதிவிலக்கைப் படி 5-இல் சொல்கிறேன்). அடித்தொட்டியின் கேஸ்கட், ஆக்ஸில் சீல், கூலர் ஹோஸ் இணைப்புகள், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என்ற வரிசையில் டார்ச் அடித்துப் பாருங்கள். நிரப்பும்போது நூறு, இருநூறு மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளவு பாருங்கள்.

எந்த ஆயில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டெக்ஸ்ரான் 3, டொயோட்டா டி-4, டபிள்யூஎஸ், ஹோண்டா டிடபிள்யூ-1, ஹூண்டாய் எஸ்பி-3 எல்லாம் ஒன்றுபோல் சிவப்பாக இருந்தாலும் உரசும் தன்மை வேறு வேறு. தப்பான ஆயில் ஊற்றினால் லாக்-அப் நேரத்தில், அதாவது டார்க் கன்வெர்ட்டரின் இரண்டு சக்கரங்களையும் உள்ளிருக்கும் கிளட்ச் ஒன்றாகப் பூட்டும்போது, வண்டி நடுங்கும். "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று கடைக்காரர் நீட்டும் டப்பாவில் உங்கள் கையேட்டில் உள்ள பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

படி 3: ஸ்கேனர்

செக் இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேன் செய்யுங்கள். கம்ப்யூட்டரின் நினைவில் காத்திருக்கும் பழுதுக் குறியீடுகள் (கோடுகள்) இருக்கலாம். பி07 என்று தொடங்குபவை கியர்பாக்ஸ் பக்கம். பி0700 வந்தால் அது வெறும் அறிவிப்பு மட்டுமே. உண்மையான கோடு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கும், அதைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பி0715 உள்ளே சுழலும் வேகத்தைப் பார்க்கும் சென்சார், பி0720 வெளியே போகும் வேகத்தைப் பார்க்கும் சென்சார், பி0741 லாக்-அப் பிடிக்கவில்லை, பி0750 தொடங்கி வருபவை ஷிஃப்ட் சோலனாய்டுகள் (கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வுகள்). பி0730 வகைக் கோடுகள் வந்தால் கவனம்: கியர் விகிதம் ஒத்துவரவில்லை, அதாவது பெரும்பாலும் உள்ளே நிஜமாகவே வழுக்குகிறது.

கோடு சென்சார் பெயரைச் சொல்வதாலேயே சென்சாரை வாங்கி மாட்டிவிடாதீர்கள். அதன் இணைப்பானைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா, ஆயில் ஏறியிருக்கிறதா, வயர் எங்காவது உரசியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத கோடுகளை அள்ளிவிடும். கோடுகளை அழிக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இன்ஜின் பக்கம்

மிதியிலிருந்தே ஆரம்பியுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் மிதியை முழுக்க அழுத்தட்டும். கேபிள் உள்ள வண்டியில் நீங்கள் போனட்டைத் திறந்து த்ராட்டில் தகடு கடைசிவரை திறக்கிறதா என்று பாருங்கள். மிதிக்கு அடியில் மடங்கிக் கிடக்கும் ஃப்ளோர் மேட்டோ தொய்ந்த கேபிளோ கால்வாசி சக்தியைத் தின்றுவிடும். ஏர் ஃபில்டரையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூவல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு. பூஜ்ஜியத்துக்கு அருகில் இருந்தால் நிம்மதி. 10 சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் இருந்தால், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஐட்லிங்கில் அதிகமாக இருந்து, ரேஸ் கொடுத்ததும் குறைந்தால் எங்கோ வேக்யூம் ஹோஸில் காற்று கசிகிறது. ஐட்லிங்கில் சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபியூவல் ஃபில்டர், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. அந்தச் சென்சாரை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் மட்டும் கழுவுங்கள். விரலோ துணியோ படக் கூடாது.

கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் இன்ஜின் சென்சார்களை நம்பித்தான் வாழ்கிறது. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள், இன்ஜின் எவ்வளவு விசை தருகிறது என்ற தகவலை வைத்தே கிளட்சுகளுக்கு எவ்வளவு ஆயில் அழுத்தம் என்று அது முடிவு செய்யும். த்ராட்டில் சென்சார் குறைத்துச் சொன்னால் அழுத்தமும் குறையும், நல்ல கிளட்சே வழுக்கும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டு இன்ஜின் சூடேறாமல் இருந்தால், பல வண்டிகள் ஓவர்டிரைவுக்கும் (நெடுஞ்சாலை ஓட்டத்துக்கான உயர் கியர்) லாக்-அப்புக்கும் போகவே போகாது. மைலேஜ் விழும், நெடுஞ்சாலையில் ஆர்பிஎம் கூடுதலாக நிற்கும், ஆளாளுக்குக் கியர்பாக்ஸைத் திட்டுவார்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைப்புதான் எல்லாரையும் ஏமாற்றுவது. ஐட்லிங் சுத்தமாக இருக்கும், மெல்ல ஓட்டினால் ஒன்றும் தெரியாது, 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது தெரியும். இன்டேக் குழாயில் வேக்யூம் கேஜ் மாட்டுங்கள். நல்ல இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். 2,500 ஆர்பிஎம்மில் ரேஸை ஒரே அளவில் பிடித்தால், முள் நிலையாக நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே வந்தால் புகை வெளியே போக வழியில்லை. உறுதிசெய்ய வேண்டுமானால் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி அதே 2,500-இல் பாருங்கள்; 3 பிஎஸ்ஐ-க்கு மேல் போனால் அடைப்பு. புதியது மாட்டும் முன் அடைப்பு ஏன் வந்தது என்று கேளுங்கள். மிஸ்ஃபயர் ஆகும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் போய் உள்ளே எரிந்து உருக்கியிருக்கும். ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் சரிசெய்யாமல் மாட்டினால் புதியதும் அதே கதிக்குப் போகும்.

பிரேக் ஒட்டுவதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பர் இறுகியிருக்கிறது.

படி 5: கேபிள், மவுண்ட்

கம்ப்யூட்டர் இல்லாத பழைய கியர்பாக்ஸ்களில் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். கியர் எப்போது மாறுவது என்பதோடு, சில வடிவமைப்புகளில் ஆயில் அழுத்தத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது. ஜிஎம்மின் 700ஆர்4 இதற்குப் பேர்போனது: கேபிள் சரியில்லாமல் ஓட்டினால் கிளட்சுகள் வெந்துவிடும். இன்னும் பழைய சில வண்டிகளில் கேபிளுக்குப் பதில் வேக்யூம் மாடுலேட்டர் இருக்கும். அதன் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் தெரிந்தால் சவ்வு கிழிந்து, இன்ஜின் ஏடிஎஃபை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. சைலன்சரில் வெள்ளைப்புகையும் ஆயில் காணாமல் போவதும் ஒரே காரணத்தால்தான்.

டி-க்குப் போடும்போது 'டங்' என்று அடித்தால் உடனே கியர்பாக்ஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். இன்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் அதே அடி அடிக்கும்.

படி 6: கியர்பாக்ஸே என்றால், உள்ளே எங்கே?

சூடான வண்டியில் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டி-க்குப் போட்டு, வண்டி லேசாக அசைந்து பிடிக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். டொயோட்டாவின் பல பழைய கையேடுகள் டி-க்கு 1.2 விநாடி, ரிவர்ஸுக்கு 1.5 விநாடிக்குள் என்று சொல்லும். இரண்டுமே தாமதம் என்றால் ஆயில் குறைவு, அடைத்த ஃபில்டர், தேய்ந்த பம்ப் என்று பொதுவான காரணம். ஒன்று மட்டும் தாமதம் என்றால் அதற்குரிய கிளட்சோ சீலோ.

டி-யில் நகராத வண்டி எல்-இல் (லோ கியரில்) நகர்ந்தால் அது அருமையான தடயம். பல வடிவமைப்புகளில் டி-யின் முதல் கியரை ஒன்வே கிளட்ச் மட்டுமே பிடிக்கிறது. எல்-இல் கூடவே இன்னொரு பிரேக்கும் பிடிக்கும். ஆகவே கோளாறு அந்த ஒன்வே கிளட்சில். எல்லா கியரும் சரி, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது மட்டும் முள் எகிறுகிறது என்றால் அந்த ஒரு கிளட்ச், அல்லது அதற்கு ஆயில் விடும் சோலனாய்டு, வால்வு பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் உள்ள பாகம்).

லாக்-அப்பைச் சோதிப்பது எளிது. சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் மிதியை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பின்னால் வண்டி வராத நேரத்தில். லாக்-அப் விடுபட்டு ஆர்பிஎம் சட்டென ஏற வேண்டும், காலை எடுத்ததும் மறுபடி இறங்க வேண்டும். ஒரு மாற்றமும் இல்லாவிட்டால் லாக்-அப்பே பிடிக்கவில்லை. அது பிக்கப்பைக் கெடுக்காது. ஆனால் ஆயிலைச் சூடாக்கி மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும்.

பிரேக்கை முழுக்க அழுத்தி ஆக்ஸிலேட்டரையும் முழுக்க மிதிக்கும் ஸ்டால் டெஸ்ட் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையேட்டு அளவைவிட ஆர்பிஎம் அதிகம் காட்டினால் உள்ளே ஸ்லிப், குறைவாகக் காட்டினால் இன்ஜினோ ஸ்டேட்டரோ பலவீனம். ஐந்து விநாடிக்கு மேல் கூடாது என்பது விதி. நொந்துபோன பழைய கியர்பாக்ஸில் இதை நீங்களே செய்ய வேண்டாம் என்பேன்; மேலே சொன்ன சோதனைகளே போதும்.

படி 7: எதைச் செய்வது, எதை விடுவது

ஆயில் பழுப்பு, ஸ்லிப் இல்லை, கியர் மாறும்போது ஜெர்க் மட்டும்: அடித்தொட்டியைக் கழற்றி ஃபில்டரையும் ஆயிலையும் மாற்றுங்கள். தொட்டியிலுள்ள காந்தத்தில் சாம்பல்நிறக் களிம்பு இருப்பது சகஜம். விரலில் நெருடும் உலோகத் துண்டுகள் இருந்தால் பேரிங்கோ கியரோ உடைகிறது. ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் ஏறக்குறைய பாதிதான் வரும். மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் வடித்து, நிரப்பி, சில நாள் ஓட்டி, மறுபடி வடிப்பது நல்ல முறை. மூன்று முறை செய்தால் எட்டில் ஏழு பங்கு புதிதாகிவிடும். வடித்ததை அளந்து, அதே அளவு ஊற்றுங்கள். மெஷினில் அழுத்தம் கொடுத்து ஃப்ளஷ் செய்வதைப் பல வருடம் ஆயில் மாற்றாத வண்டியில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

"பழைய வண்டியில் ஆயில் மாத்தினா கியர்பாக்ஸ் போயிடும்" என்ற பேச்சு எங்கும் உண்டு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: கிளட்ச் ஏற்கெனவே தேய்ந்து ஸ்லிப் ஆன பிறகே உரிமையாளருக்கு ஆயில் நினைவு வருகிறது, புது ஆயில் தேய்ந்த தகட்டை வளர்க்காது, பழி ஆயில்மேல் விழுகிறது. ஸ்லிப் தொடங்கியிருந்தால் ஆயில் மாற்றுவதை வைத்தியமாக நினைக்காதீர்கள். ஸ்லிப்பை நிறுத்தும் என்று விற்கும் மருந்து டப்பாக்களுக்கும் இதே பதில்தான்.

சோலனாய்டு, வேக சென்சார், பல வண்டிகளில் வால்வு பாடி ஆகியவற்றைக் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். பி0730 கோடு, கருகிய ஆயில், எல்லா கியரிலும் ஸ்லிப் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் ஓவர்ஹால் பேச்சு. ஒர்க்‌ஷாப்பில் "பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சூடான பிறகு, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, அரைமிதியில், ஆர்பிஎம் 2,000-இலிருந்து 3,000-க்கு எகிறுது" என்று எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் போட்டோவையும் காட்டுங்கள்.

சிவிடி வண்டியில் வேகம் ஏறுவதற்கு முன்பே ஆர்பிஎம் ஏறி நிற்பது அதன் இயல்பு, அதை ஸ்லிப் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குரிய சிவிடி ஆயிலைத் தவிர வேறு ஊற்றவும் கூடாது. ஏஎம்டி-யில் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும். முள் எகிறினால் கிளட்ச் தகடு தேய்ந்திருக்கலாம், மேனுவல் வண்டியில் மாற்றுவது போலவே மாற்றலாம். அதன் பிறகு புது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று ஸ்கேனரால் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை ஒன்று பாக்கி இருக்கும்.

ஓவர்ஹால் செய்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஒன்று, டார்க் கன்வெர்ட்டர் மாற்றப்படுகிறதா, பழையதையே மாட்டுகிறார்களா. இரண்டு, ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் யார் கழுவுவது. பழைய கிளட்சின் துகள்கள் அங்கே தேங்கியிருக்கும். கழுவாமல் மாட்டினால் இன்ஜின் ஓடத் தொடங்கிய முதல் சில நிமிடத்திலேயே அவை புது கியர்பாக்ஸுக்குள் வந்து சேரும். மாட்டி முடித்ததும் கம்ப்யூட்டரில் பழைய கிளட்சுக்காகப் பழகிவைத்த அளவுகளை ஸ்கேனரால் அழிக்கச் சொல்லுங்கள். அது மறுபடி பழகும்வரை முதல் சில நாள் கியர் கொஞ்சம் முரட்டுத்தனமாக மாறலாம். அரைமிதியில் நிதானமாக ஓட்டுங்கள்.